அனுமதியின்றிக் கற்ற குற்றம்

அனுப்புநர்:
வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவியின் தாய்,
நகரப் பேருந்து நடத்துநர்.

பெறுநர்:
செயலர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

பொருள்: அரசுக் கல்லூரி ஆய்வகத்தில் சோதனை செய்த என் மகளின் இடைநீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்புக்குரிய செயலர் ஐயா, வணக்கம்.

1. என் மகள் படிக்கும் அரசுக் கல்லூரியின் ஆய்வகத்தை, பராமரிக்க நிதியில்லை என்று, சென்ற ஆண்டு பக்கத்துத் தனியார் கல்லூரிக்குக் கொடுத்தீர்கள். இது விற்பனையல்ல, கூட்டாண்மை என்றும் விளக்கினீர்கள். கூட்டாண்மை நன்றாகவே நடக்கிறது. அவர்கள் பக்கம் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். எங்கள் பக்க வாசலை அடைத்துக் கண்ணாடி பொருத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் வராந்தாவில் நின்று, உள்ளே நடக்கும் சோதனைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். கண்ணாடியைத் தவறாமல் துடைக்கிறார்கள். அதற்கு நன்றி.

2. இப்படிப் பார்த்தே என் மகள் செய்முறைத் தேர்வில் முதலிடம் பெற்றாள். "டிவியில நீச்சல் பாத்துட்டு மெடல் வாங்கின மாதிரி இருக்கும்மா" என்றாள்.

3. சென்ற மாதம், அந்தத் தனியார் கல்லூரியில் படிக்கும் தோழியின் வெள்ளைக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முதல் முறை சோதனை சொதப்பியது. மறுமுறை கரைசல் சரியான நிறத்துக்கு வந்ததும், "வந்துடுச்சு!" என்று கத்தியிருக்கிறாள். அங்கே படிப்பவர்கள் யாரும் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவதில்லை என்பதால் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

4. அவள் எதையும் உடைக்கவில்லை, எடுக்கவுமில்லை. ஆனாலும் தனியார் கல்லூரியின் புகாரில் இடைநீக்கம் செய்யப்பட்டாள்; குற்றச்சாட்டு "அனுமதியின்றிக் கற்றல்". எங்கள் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றேன். "சாவி அவங்ககிட்ட இருக்கும்மா. நானே கண்ணாடி வழியாத்தான் எட்டிப் பாக்கறேன்" என்றார். நல்ல மனிதர், பார்த்ததற்காக அவரையும் இடைநீக்கம் செய்துவிட வேண்டாம்.

5. சீட்டு வாங்கியவரைக் கீழேயே நிறுத்திவிட்டு, வண்டி போவதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாளும் விசில் ஊதியதில்லை ஐயா.

6. "இனி இவ்வாறு கற்க மாட்டேன்" என்று அவளும் நானும் கையெழுத்திட்டுக் கொடுத்தால், திங்கட்கிழமை நடக்கவிருக்கும் விசாரணை இல்லாமலே மன்னித்துவிடுவார்களாம். அவள் மறுத்துவிட்டாள். படிப்பே போய்விடுமே என்று பயந்து அவளைத் திட்டினேன். "அப்படி எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எதுக்கும்மா காலேஜ் போகணும்?" என்றாள். இதற்குப் பதில் தங்கள் துறையில் இருந்தால் தெரிவிக்கவும்.

ஆகவே, இடைநீக்கத்தை ரத்து செய்து, அடைத்த வாசலைத் திறக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அந்த உறுதிமொழியில் நான் கையெழுத்திடப் போவதில்லை. இதில் இடுகிறேன்.

இடம்: பேருந்துப் பணிமனை ஓய்வறை
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

(கையொப்பம்)
மாணவியின் தாய்