வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

என் அக்கா பெற்ற அறிவுக் கடலுக்கு, கரையில் உட்கார்ந்து காற்று வாங்கும் மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் தினமும் ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறது, அவள் ஏற்பதில்லை.

இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

சாதாரண ஜனங்களுக்கு அரசியலும் குடிமை ஒழுக்கமும் கற்பித்த வரலாற்றைப் புத்தகமாக எழுதுவதாகவும், அதற்காகத் தேடும்போது அரசாங்கம் எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தைக் கண்டெடுத்ததாகவும், புத்தகத்தில் 'துணிவு தந்த ஆசிரியர்' என்று என்னைப் பற்றி ஓர் அத்தியாயம் வருவதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்தன. மூன்றாவது தெறிப்பதற்குள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓட்டுச் சீட்டு கொடுத்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும் என்று அரசாங்கம் முதலில் மரத்தடியில் சொற்பொழிவு வைத்தது. ஜனங்கள் தூங்கினார்கள். பிறகு படம் காட்டியது. இருட்டில் இன்னும் சுகமாகத் தூங்கினார்கள். கடைசியில் வேலை செய்யும் இடத்துக்கே வாத்தியாரை அனுப்பியது. சலவை ஆலைக்கு வாய்த்தவன் நான். மதிய இடைவேளையில், இஸ்திரிக் கூடத்தில், நாலாயிரம் மாணவர்கள்! இடம் போதாமல் பாதிப் பேரைத் துணிக்கொடியில் காயப்போட்டே பாடம் நடத்தினேன்.

தினமும் ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும். எல்லோரும் கூச்சப்பட்டதால் நானே "வழிமொழிகிறேன்!" என்று கர்ஜிப்பேன். அடுத்த தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் உடையும். "வாத்தியாரே, நீங்க போடற சத்தத்துக்கு இஸ்திரிப் பெட்டியே வேணாம், மடிப்பு தானா விழுது" என்பாள் வகுப்பில் இருந்த இஸ்திரிக்காரம்மா ஒருத்தி.

வருடக் கடைசிக் கூட்டத்தில், முதலாளிக்கும் தொழிலாளர் நல அதிகாரிக்கும் முன்னால் அவள்தான் எழுந்தாள். துணி திருட்டுப் போகிறதென்று பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். "வேலை நேரத்துல பூட்டக்கூடாதுங்க. கொதிகலன் வெடிச்சா நாங்க எந்தப் பக்கம் ஓடறது?" என்றாள். யாராவது வழிமொழிகிறீர்களா என்று அதிகாரி மூன்று தரம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார், அடுத்த வருட வகுப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அன்று போட்டிருந்தது செருப்பு.

தீர்மானம் விழுந்தது. திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. வாசலில் என்னைப் பார்த்து, "விடுங்க வாத்தியாரே, அன்னிக்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்றாள். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

அதன் பிறகும் ஐந்து வருடம் அதே கூடத்தில் அதே விதியைக் கற்பித்தேன், அம்மாடி. நீ கண்டெடுத்த பாராட்டுப் பத்திரம் அதற்குக் கிடைத்ததுதான்.

அவள் இப்போது உன் நகரத்தில்தான் மகளோடு இருக்கிறாள். விலாசம் பின்பக்கத்தில். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் போய்ப் பார். எனக்கு ஒதுக்கிய அத்தியாயத்தை அவளுக்குக் கொடு. என்னைப் பற்றி அவள் சொல்வதை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுது. நானே போயிருக்கலாம், உன் அம்மாவின் முழங்காலைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ எழுந்து நின்று எதையாவது கேட்கும் நாளில், பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவராவது எழுந்திருக்கட்டும்.

உன் மாமன்.

பி.கு.: மாணவர்கள் பதினேழு பேர். கண்ணாடி எதுவும் உடையவில்லை. அதிகாரி மூன்று தரம் கேட்டது மட்டும் நிஜம்.