இருபத்திரண்டாவது நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

ஏசி மறுபடியும் படுத்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜில்லென்றுதான் இருந்தது. பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் வெறும் காற்று, யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விடுவது போல. இன்றைய சுற்றில் இரண்டாவது பல் மருத்துவமனைக்குள் நுழையும்போது கண்ணில் அந்த மூட்டம் வந்துவிட்டது. நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார். நான் நிற அட்டையை அவர் பல்லோடு ஒட்டி வைத்துப் பார்க்கிறேன். பதினாறு நிறமும் ஒரே நிறம்! மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் எழுதிக்கொண்டேன்.

செயற்கைப் பல் செய்கிறவளுக்குப் பல்லின் நிறம் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக் கேஸ் நிரப்பித் தந்தார். "பழைய வண்டிம்மா, பதினாலு வருஷம் ஆச்சு. கண்ணாடிய இறக்கிவிட்டு ஓட்டுங்களேன், இயற்கைக் காத்து."

அவரிடம் என்ன சொல்ல? எனக்கு நரம்பின் மேலுறை தேய்கிற நோய். உடம்பு சூடானால் கண் மங்கும், வலது கால் மரக்கட்டையாகும். குளிர்ந்தால் தானாகச் சரியாகிவிடும். கார் குளிர்ச்சியாக இருக்கும்வரை ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பல் செய்யும் கூடத்தில் முதலாளிக்குக்கூடத் தெரியாது.

"கொஞ்ச நாளைக்கு நான் கொண்டுபோய் விடறேனே" என்றார் என் வீட்டுக்காரர், ராத்திரி சாப்பிடும்போது.

"ஏழு ஆஸ்பத்திரிக்கும் என் பின்னாடியே சுத்துவீங்களா?" என்றேன். கேட்ட விதம் தப்புதான். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

கேஸ் நிரப்பி நான்கே நாள். நின்றுவிட்டது.

மார்ச் 12, வியாழன்

வண்டியை மறுபடி பட்டறையில் விட்டு, நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஆறியபின் மெக்கானிக் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டார். சனியன், என்னமாய்க் குளிர்கிறது!

"பாருங்க, நல்லாத்தானே இருக்கு?"

"இருபது நிமிஷம் ஓடினாத்தாங்க நிக்கும்."

"அப்ப நிக்கும்போது கொண்டாங்க."

நிக்கும்போது எப்படிய்யா கொண்டு வருவேன்? அந்த நேரத்துல எனக்கே கண்ணு தெரியாதே! டாக்டர்களும் இரண்டு வருஷம் இதையேதான் சொன்னார்கள். 'இப்ப நல்லாத்தானே இருக்கீங்க, வரும்போது வாங்க.' அவர்கள் அறையெல்லாம் எவ்வளவு குளிராக இருக்கும்!

மார்ச் 20, வெள்ளி

எட்டு நாளாக நிமிடம் குறித்து வைத்தேன். 24, 21, 22, 22, 19, 22. ஞாயிறு வண்டி எடுக்கவில்லை. நேற்று மழைத் தூறல், ஏசி நிற்கவே இல்லை. காகிதத்தை நீட்டியதும் மெக்கானிக் சிரித்தார். "என்னம்மா, ஜாதகமா?" முன்பக்கத்து மின்விசிறியை மாற்றினார். "இனிமே நிக்காது, நான் பொறுப்பு."

மார்ச் 21, சனி

நின்றது.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நெரிசல். ஏசி நின்று பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வேறு வழியில் போயிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரே ஒரு இடம்தானே, முடித்துவிடலாம் என்ற பேராசை. முன்னால் ஒரு சைக்கிள்காரர் நின்றார். பிரேக்கை அழுத்தச் சொன்னேன், கால் கேட்கவில்லை. ஒரு நொடி தாமதமாகத்தான் அழுத்தியது. அவர் பின்சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவுமே தெரியாது.

வண்டியை ஓரம் கட்டி, எதிரே இருந்த திரைச்சீலைக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். இவர் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாயில் பூட்டு கிடையாது. எனக்கு நோய் என்று தெரிந்த அன்று, அத்தனை பேர் முன்னால், "இனிமே நீங்க வண்டி ஓட்டுறது சரியா அண்ணி?" என்று கேட்டவள். ஏழு மாதமாக அவளோடு 'வா', 'போ', 'சாப்பிட்டியா' மட்டும்தான்.

வந்தாள். சாவிக்குக் கையை நீட்டினாள். வழி முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் நாத்தனார் வந்து நின்றாள். "அந்த நிமிஷக் கணக்குக் காகிதத்தைக் குடுங்க."

இவர் சொல்லியிருக்கிறார். வாங்கி நிதானமாகப் படித்தாள், சிரிக்கவில்லை. "மழையில நிக்கலன்னா, சூடுதான் கோளாறு. வாங்க, சூடாக்கிப் பாப்போம்."

வாசலில் வண்டியை ஓடவிட்டு முன்மூடியைத் திறந்து வைத்தோம். எனக்குக் குடையும் ஈரத்துண்டும். பெல்ட் மாட்டிய சக்கரம் எப்போதும் சுற்றுமாம். அதன் முகத்தில் ஓர் இரும்பு வட்டு; அதைக் காந்தம் இழுத்து ஒட்டவைத்தால்தான் கம்ப்ரசர் ஓடிக் குளிர் வருமாம். "அந்த வட்டையே பாத்துட்டு இருங்க."

இருபத்திரண்டாவது நிமிடம். சக்கரம் சுற்றுகிறது, வட்டு சும்மா நிற்கிறது. என் கண்ணாலேயே பார்த்தேன்! நாத்தனார் துடைப்பக் கட்டையின் நுனியால் எட்ட நின்று வட்டை லேசாகத் தட்டினாள். டப்பென்று ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"தேஞ்சு தேஞ்சு இடைவெளி அதிகமாயிருக்கு அண்ணி. சூடானா காந்தத்துக்கு இழுக்கத் தெம்பில்ல. மத்தபடி நல்ல வண்டிதான்."

என் நோயை இவ்வளவு சுருக்கமாக எந்த டாக்டரும் சொன்னதில்லை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

சிரித்து முடித்தபின் அவளே சொன்னாள்: "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது. தனியா கேட்டிருக்கணும்." கேட்டதே தப்பு என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மெக்கானிக்கிடம், நேற்று போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினோம். இரண்டு முறை போட்டுப் பார்த்தார், காதைச் சொறிந்தார். வட்டைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார்; இடைவெளி குறைந்துவிட்டது. அவ்வளவுதான். தகடு என்றுகூடச் சொல்ல முடியாது, நகத்தின் கனம்தான். இதற்காகவா ஒரு மாதம்!

"ஓட்டிட்டுப் போங்கம்மா."

"இல்லண்ணே, முக்கால் மணி நேரம் ஓடட்டும். நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்" என்றாள் நாத்தனார். உட்கார்ந்தோம். நிற்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

ஒரு மணி பத்து நிமிடம், கொளுத்தும் வெயில். ஏசி ஒரு முறைகூட நிற்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஒவ்வொரு சைக்கிளைப் பார்க்கும்போதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது.

மத்தியானம் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர் ஒரு கடைவாய்ப்பல்லைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, இதுக்கா ஏழு மாசமாப் பல்லைக் கடிச்சுட்டு இருந்தே? உச்சிவெயிலுக்கு முன்னாடி சுத்திட்டு வந்துடு. மிச்சத்தைக் கூடத்துல பாரு." வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

எழுந்தபோதே வலது கால் கனமாக இருந்தது. வண்டிமேல் குற்றமில்லை. ஐந்து நிமிடம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டேன். "புள்ளைங்கள இறக்கிவிட்டாச்சா? இன்னைக்கு என்னால முடியாது. ஓட்ட வர்றியா?"

வந்தாள். மூன்று மருத்துவமனை. மூன்றிலும் நிறம் ஒரே பார்வையில் கிடைத்தது. திரும்பி வரும்போது துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி, ஏசியக் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா? பல்லு தந்தியடிக்குது."

"விழுந்தா சொல்லு" என்றேன். "புதுசு செஞ்சு தர்றேன்."