‘கால் ஆஃப்’புக்கு ஒரு வாக்கியம்

பிப்ரவரி 3, திங்கள்

அகராதி அலுவலகத்தில் இன்று எனக்குப் புதுக் கட்டு கொடுத்தார்கள். ஒன்று முடிவதைச் சொல்லும் ஆங்கில வினைகளும் தொடர்களும் இனி என் தலையில். இவ்வளவு வருஷத்தில் நான் வாயைப் பிளந்து பார்த்த கட்டு இதுதான். பால் தீர்ந்தால் ரன் அவுட். காற்று ஓய்ந்தால் டை டவுன். மாத்திரையின் வேகம் இறங்கினால் வேர் ஆஃப். பேசிவைத்த காரியம் தட்டிப்போனால் ஃபால் த்ரூ. நிச்சயித்ததை ஒருவர் வேண்டாமென்று நிறுத்தினால் கால் ஆஃப். நம் பக்கம் மட்டும் இளைத்ததா? தீர்ந்தது, ஓய்ந்தது, அடங்கியது, வற்றியது, கலைந்தது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு மொழியும் எதிரெதிரே நின்று முறைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு ஒரே குஷி.

கத்தரி வழக்கமான சட்டத்தை நினைவூட்டினார். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர்தான் கத்தரி. எந்த எடுத்துக்காட்டைக் கொடுத்தாலும் வெட்டுவார். “உக்காந்து யோசிச்ச வாக்கியம் எனக்கு வேண்டாம். யாராவது நிஜமா சொல்லி நீங்க காதால கேட்டிருக்கணும். யார் சொன்னதுன்னு பக்கத்துல எழுதணும்.” இந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டில் என் முன்னால் யாரும் நிம்மதியாகப் பேசுவதில்லை.

பிப்ரவரி 5

பீட்டர் அவுட். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோவது. வீட்டில் இவரிடம், என் கணவரிடம், சொன்னேன். “பீட்டர் விடுறவங்களப் பாத்திருக்கேன், பீட்டரே அவுட் ஆனத இப்பதான் கேக்கறேன்” என்றார். தன் காலை நடைப்பயிற்சி பற்றி இவர் சொன்னதைத்தான் எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

பிப்ரவரி 11

மகள் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அம்மா, இத எழுதிக்காத. கல்யாணத்த நான் நிறுத்திட்டேன்.”

அடுப்பை அணைத்தேன். மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போகிறது— என்னடி சொல்ற? மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பதவி உயர்வாம். அவள் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்துவிடுவாள் என்று அலுவலகத்திலும் வீட்டிலும் அவரே சொல்லிவிட்டாராம். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

“ஏன் கேக்கலன்னேன். நீ மாட்டேன்னா சொல்லப்போறன்னு சிரிச்சார். கெட்டவர் இல்லம்மா. ஆனா என் வேலை எப்ப முடியணும்னு அவரா சொல்லுவார்?”

அவள் இயன்முறை மருத்துவர். அவள் வேலை செய்வதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தில் விழுந்த லாரி டிரைவர் ஒருவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, இவள் பின்பக்கமாக நடந்துகொண்டே “வாங்க, வாங்க” என்றாள். அவரைத் தொடவில்லை. விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் இருந்தாள். நான் பெற்ற பிள்ளைதானா இது என்று அன்றைக்கே தோன்றியது.

பிப்ரவரி 12

இவர் சொன்ன யோசனை: “தட்டிப்போச்சுன்னு சொல்லிடுவோம். யார் மேலயும் தப்பு வராது.” எனக்கும் சரியென்று பட்டது. எத்தனை நல்ல சொல் அது. ஆளே வேண்டாம், தானாகத் தட்டிப்போகும். நாத்தனாரிடம் போனில் அப்படியே சொன்னேன்.

“தானா எப்படித் தட்டும்? யாராவது தட்டினாத்தான தட்டும்?” என்றார்.

வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

என் கட்டு பாதி முடிந்தது. ‘கால் ஆஃப்’ மட்டும் காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 20

நாத்தனார் கூப்பிட்டார். “பையன் குடிப்பானாமே? நல்லவேளை, பொண்ணு தப்பிச்சா.” யார் சொன்னது என்றேன். எல்லோரும்தான் சொல்கிறார்களாம்.

நான் யாரையும் எதுவும் சொல்லலையே— சொல்லாததுதான் வினையாப் போச்சா? நிறுத்தினது யாருன்னு நான் சொல்லியிருந்தா ஊரு ஏன் ஆள் தேடப்போகுது? பாவம், அந்தப் பையன்.

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். “அவர் டீயக்கூட ரெண்டாவது தடவ கேட்டு வாங்கமாட்டார்ம்மா” என்று மட்டும் சொன்னாள். அது எனக்குக் கத்தலைவிட அதிகமாக உறைத்தது.

பிப்ரவரி 22, சனி

மகள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் வருவேன் என்றேன். “வா. ஆனா பேசறது நான்.”

கூடத்தில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவருடைய அம்மாதான் ஆரம்பித்தார். “எங்க மானத்த வாங்கினது போதாதா? இன்னும் என்ன வேணும்?”

“உங்க பையன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்ல வந்தேன். கல்யாணத்த நிறுத்தினது நான். வேலைய விட எனக்கு மனசில்ல. யார் கேட்டாலும் இதையே சொல்லுங்க. நானும் இதையேதான் சொல்வேன்.”

மாப்பிள்ளை அறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு கிளம்புவாள் என்று நினைத்தேன். இல்லை. போனை எடுத்து, எல்லோர் காதிலும் விழும்படி வைத்து, என் நாத்தனாரைக் கூப்பிட்டாள். “அத்தை, அவர் குடிக்கமாட்டார். நிறுத்தினது நான்.” அதே குரல், அதே சொல். அத்தை “சரிம்மா” என்று ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டார். உலகம் கண்ட அதிசயம்.

என் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்தது. ஒரு எட்டு தள்ளி நின்றேன், விழுந்தால் பிடிக்கலாமென்று. அவள் விழவில்லை.

பிப்ரவரி 26

சம்பந்தியம்மா ஆகியிருக்க வேண்டியவர் போன் செய்தார். “உங்க பொண்ணு மேல கோவம் கோவந்தான். ஆனா எம்பையனப் பத்தின பேச்சு அடங்கிடுச்சு.”

டை டவுன். இதை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மார்ச் 3

கத்தரி பிடித்துக்கொண்டார். “இந்த ஒண்ணு ஏன் இன்னும் காலி?”

“வீட்டுல ஒரு வாக்கியம் கேட்டேன். எழுத அனுமதி இல்ல.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே பேனாவை எடுத்து, ‘மழையால் ஆட்டம் நிறுத்தப்பட்டது’ என்று எழுதினார். தன் சட்டத்தைத் தானே மீறினார். யார் சொன்னது என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

மார்ச் 4

காலையில் சாப்பாட்டு மேஜையில் தாளைப் பரப்பியிருந்தேன். மகள் நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

“இது என்னம்மா, செத்த வாக்கியமா இருக்கு? நான் சொன்னது இதவிட நல்லா இருந்துச்சே.”

“நீதான எழுதிக்காதன்ன.”

“அது அன்னிக்கு. இப்ப எழுதிக்கோ.” பையை மாட்டிக்கொண்டாள். “லாரிக்காரர் இன்னிக்குக் கம்பியப் பிடிக்காம நடக்கப்போறார். நான் போகணும்.”

மழையை அடித்துவிட்டு எழுதினேன்: ‘கல்யாணத்தை நான் நிறுத்திட்டேன்.’ அலுவலகத்தில் கத்தரி இரண்டு முறை படித்தார். வெட்டவில்லை. பேனா முனையால், தான் கோடு இழுத்திருந்த கட்டத்தைக் காட்டினார்.

‘என் மகள்’ என்று எழுதினேன்.