சாக்கு போட்ட விளக்கு

விஜயதசமி, சனி. காலையில் நல்ல மழை.

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னமே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. யாரிடம் சொன்னேன் என்பது நினைவில்லை. ஆனால் சொன்னேன்.

மருமகன் சண்முகத்தின் மோட்டார் சைக்கிள் (இனி மோ.சை.) கிளம்பவில்லை. உதைத்தான், உதைத்தான், கால் வீங்கும் மட்டும் உதைத்தான். ஒரு இருமல்கூட இல்லை. நல்ல நேரம் போய்விட்டது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை அவன் கடலுக்கு அக்கரையில், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில், துரை முன்னால் நிற்க வேண்டும். டிரெஸர் வேலை. மருந்துப் பெட்டியோடு தோட்டம் தோட்டமாகச் சுற்றுவது. சொந்த வண்டி உள்ளவனுக்குத்தான் வேலை என்று துரை கண்டிப்பு. தங்கச்சி பாக்கியம் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்து மகனுக்கு வாங்கின வண்டி இது.

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்குத்தான் முதல் மரியாதை. சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. சண்முகம் சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புமுன் முன்விளக்கைப் போட்டுக் காட்டினான். "பூஜை முடிஞ்சதும் அணைச்சிடுங்க மாமா, மறந்துடாதீங்க" என்றான். என்னிடம். ஈப்போ துரையின் மோ.சை.யைப் பல வருடம் கவனித்த என்னிடம்.

"டேய், நீ தொட்டில்ல கெடந்தப்பவே நான் இதெல்லாம் கழட்டி மாட்டினவன்" என்றேன்.

கழற்றியது ஒரே முறை. மாட்டியது துரை.

பூஜைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மீனாட்சி, "என்னா வெளிச்சம் லா அண்ணே" என்று விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டு மணிக்குக் கற்பூரம் முடிந்ததும் நானே, என் கையால், விளக்கைக் குளிர வைத்தேன். சாரல் படாமல் இருக்க ஒரு சாக்கை இரண்டாக மடித்து அதன் மேல் போட்டேன். இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு. வெயில். கை முழுக்கப் பெட்ரோல் நாற்றம்.

காலையிலிருந்து வாசலில் வைத்தியம். நான் சொல்லச் சொல்லச் சண்முகம் செய்தான்.

பிளக் கழற்றித் துடைத்தது, என் வேட்டி நுனியால். வேட்டி போயிற்று.
பெட்ரோல் குழாயை வாயால் ஊதியது. மத்தியானம் வரை எது தின்றாலும் பெட்ரோல்.
ரோட்டில் தள்ளி ஓடியது. நான் பின்னால். செருப்பு அறுந்தது.

மீனாட்சி ஜன்னலில் நின்று, "அண்ணே, முன்னால மாட்டைக் கட்டுங்க, ஓடும்" என்றாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சண்முகம் ஹாரனை அமுக்கிப் பார்த்தான். ஊமை. "பேட்டரியா இருக்குமோ மாமா?"

"பேட்டரி விளக்குக்குடா. எஞ்சினுக்கு நெருப்பு உள்ளுக்குள்ளயே தானா உண்டாகும். ஈப்போ துரை பேட்டரியே இல்லாம தைப்பிங் வரைக்கும் போயிருக்காரு."

அவன் கேட்கவில்லை. பேட்டரியைக் கழற்றிக் கபூர் காக்கா கடைக்குக் கொண்டுபோனோம். ஆயர் ஈத்தாம் ரோட்டில் பேட்டரி விற்பதும் சார்ஜ் போடுவதும் அவர்தான். போன மாதம் இதை விற்றதும் அவர்தான்.

காக்கா கம்பியை வைத்துப் பார்த்தார். "வெறும் டப்பா. ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சிருக்கு."

"எரியலை. மாமா எட்டு மணிக்கே அணைச்சிட்டாரு" என்றான் சண்முகம்.

காக்கா என்னைப் பார்த்தார். நான் பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தேன்.

"அது உங்க துரை வண்டி அண்ணே. அதுல மாக்னெட்டு, நெருப்பை அதுவே உண்டாக்கும். இது நெருப்பையே பேட்டரியிலதான் எடுக்குது. இது செத்தா எல்லாம் செத்துச்சு."

கடை வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தேன். பெட்ரோலாக இருக்கும்.

சார்ஜ் ஏற நாளை சாயங்காலம் ஆகுமாம்.

திங்கள். மேகமூட்டம்.

சண்முகம் வண்டி இல்லாமலே பெரிக் கப்பல் ஏறிப் போனான். அவன் கையில் மருந்துப் பெட்டி மட்டும். பாக்கியம் வாசலிலேயே நின்றாள். சாயங்காலம் திரும்பினான். புதன்கிழமை வண்டியோடு வா, இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான் என்று துரை சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அப்படியே காக்கா கடைக்குப் போனான். பேட்டரி நன்றாக ஏறிவிட்டது, பேட்டரியில் குறையில்லை என்றாராம் காக்கா.

"குறையில்லேன்னா ஒரே ராத்திரியில எப்படிச் செத்துச்சு? ஓட்டைப் பேட்டரியை என் தலையில கட்டிட்டு இப்ப விளக்கு மேல பழி போடுறாரு" என்று கத்தினான். "நாளைக்கு நீங்க வந்து சொல்லுங்க மாமா. எத்தனை மணிக்கு அணைச்சீங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். என் சாட்சிக்கு ஈப்போ கோர்ட்டிலேயே மதிப்பு உண்டு என்றும் சொன்னேன். கோர்ட் வாசலில் ஒரு முறை தேநீர் குடித்திருக்கிறேன்.



செவ்வாய். வெயில். தலைவலி.

காக்கா கடையில் நாலைந்து பேர் வேடிக்கை. சண்முகம் என்னை முன்னால் தள்ளினான்.

"எட்டு மணிக்கு" என்றேன். "கற்பூரம் முடிஞ்சதும். இந்தக் கையால."

கையைத் தூக்கிக் காட்டினேன். எதற்குக் காட்டினேன்.

காக்கா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "பெரியவரு சாமி கும்பிட்ட கையைக் காட்டிச் சொல்றாரு. அதுக்கு மேல நான் என்ன பேசுறது? தப்பு என்னோடதாத்தான் இருக்கணும். எனக்குத்தான் பார்க்கத் தெரியலை" என்றார். உள்ளே போய்ப் புதுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து துடைத்துக் கொடுத்தார். பழையதை வாங்கி ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி மறுபடி அதையே பார்த்தார்.

நின்றவர்களில் ஒருவன், "காக்கா கடையில செத்த பேட்டரிதான் கெடைக்கும் போல" என்றான். சண்முகம் சிரித்தான்.

நான் வாயைத் திறந்தேன். "வர்றேன் காக்கா" என்று வந்தது.

"வாங்க அண்ணே" என்றார்.

புதன். தெளிந்த வானம்.

முதல் உதையிலேயே கிளம்பியது. புதிதாக வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாக்கியம் அழுதாள்.

வேலை கிடைத்துவிட்டது. சண்முகம் வந்ததும் என் காலில் விழுந்தான். "உங்க சாட்சிதான் மாமா." கேசரி. எனக்கு இரண்டு தட்டு. பக்கத்து வீட்டுக்காரர் தன் வானொலிப் பெட்டிக்குப் பேட்டரி வாங்கக் காக்கா கடைக்குப் போவதாக இருந்தாராம், இனி வேறு இடம் பார்க்கிறாராம். நல்லவேளை நீங்கள் சொன்னீர்கள் என்றார்.

மீனாட்சியும் கேசரிக்கு வந்தாள். எல்லோரும் உள்ளே இருந்தபோது வாசலில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்கு அந்தச் சாமி விளக்கு எப்ப அண்ணே மலையேறுச்சு?"

கேசரி ஆறுகிறது என்றேன்.

எட்டு மணிக்கு என் கை விளக்குப் பக்கம் போனது உண்மை. "அணைக்கப் போறீங்களா?" என்று அவள்தான் கேட்டாள். அத்தனை பெண்கள் முன்னால், "சாமிக்குப் போட்ட விளக்கைக் கையால குளிர வைக்கக் கூடாது, தானா மலையேறணும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்கும் சேர்த்துக் கும்பிட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எப்படி அணைப்பது. சண்முகம் வேலை முடிந்து வரும்போது வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்றுதான் சாக்கு. விடியுமுன் சாக்கை எடுத்தபோது விளக்கு தானாகவே மலையேறியிருந்தது; சுவிட்சை மட்டும் திருப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாரலே இல்லை.