வேகப் பலகையில் நின்ற எழுபத்தொன்று

அனுப்புநர்
பெ. செங்கொடி,
கருங்காலித் தோட்டம் இரண்டாவது தெரு,
திருவொற்றியூர்.

பெறுநர்
காவல் ஆய்வாளர் அவர்கள்,
போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு.

பொருள்: எங்கள் தெரு விபத்தில் பிடிபட்ட லாரி ஓட்டுநர் திரு. தேவப்பிரியம் குற்றமற்றவர் எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரிகள் நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவுக்குள் புகுவதைப் பற்றிப் பலமுறை மனு கொடுத்தவள் நான்தான். ஆதாரம் கேட்டார்கள். டி.வி. ரிப்பேர் கடையில் வேலை செய்பவள் என்பதால், இரண்டு சென்சார்களையும் எண்கள் ஒளிரும் பழைய பலகை ஒன்றையும் இணைத்து, வண்டிகளின் வேகம் காட்டும் கருவியைச் செய்து வீட்டு வாசலில் மாட்டினேன். அன்றைய அதிக வேகம் மட்டும் அழியாமல் பலகையில் நிற்கும்படி வைத்தேன். லாரிக்காரர்கள் பார்த்து வெட்கப்படட்டும் என்று நினைத்தேன்.

2. லாரிகள் மெதுவாகத்தான் வந்தன. எங்கள் தெருப் பையன்களோ அந்த எண்ணை முந்துவதற்கென்றே பைக்கில் பறந்தார்கள். முனையில் வடை சுடும் பட்டம்மாள், "இன்னாடி, உன் மிசினு வந்ததுலேர்ந்து ஒரே பேஜாரா கீது" என்றார். சிரித்துவிட்டுப் போனேன்.

3. சென்ற செவ்வாய் மாலை பட்டம்மாளை இடித்தது லாரி அல்ல. என் தம்பி வல்லரசின் பைக். அவன் நிற்காமல் போய்விட்டான். பின்னால் ஊர்ந்து வந்த லாரியை நிறுத்தி, இறங்கி வந்து அவரைத் தூக்கியவர் தேவப்பிரியம். ஓடி வந்த தெருவார் பலகையில் 71 என்று இருந்ததைக் காட்டி, அதுதான் லாரி வந்த வேகம் என்று காவலரிடம் சொன்னார்கள். எல்லாவற்றையும் வாசலிலிருந்து பார்த்த நான், அது லாரியின் வேகம் அல்ல என்று காவலரிடம் சொல்லவில்லை.

4. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கும் பட்டம்மாள், "லாரின்னே இருக்கட்டும்டி. உன் தம்பி நம்ம புள்ள" என்றார். அந்த நேரம் தேவப்பிரியத்தின் மனைவி பழம் வாங்கிக்கொண்டு வந்து, தன் கணவரை மன்னிக்கும்படி கேட்டு அழுதார். அந்தப் பழப் பையைக் கைநீட்டி வாங்கியவள் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா.

5. ஆகவே, திரு. தேவப்பிரியத்தை உடனே விடுவிக்குமாறும், எங்கள் தெருவுக்கு வேகத்தடை அமையப் பரிந்துரைக்குமாறும் வேண்டுகிறேன். கருவியைக் கழற்றி இத்துடன் ஒப்படைத்துள்ளேன். வல்லரசு நிலைய வாசலில் நிற்கிறான். உள்ளே வரப் பயப்படுகிறான். மனுவைக் கொடுத்ததும் நானே அவனை அழைத்து வருகிறேன். தேவப்பிரியத்தின் மனைவிக்கு மட்டும் தாங்கள் சொல்லி அனுப்ப வேண்டாம். அவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 14.03.2025

தலைகுனிந்து,
பெ. செங்கொடி