பொதுச் சூளை உதாரணம்

1974 ஜூன், வெள்ளி

பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொது நிர்வாக வகுப்புக்குப் பகுதி நேர விரிவுரையாளர் வேலை. "பீங்கான் தொழிற்பேட்டையிலயே ஆபீசரா இருக்க, உன்ன வுட்டா யாரு மாப்ளே" என்று என்னை மனுப் போட வைத்தவன், தேர்வுக் குழுவில் இருக்கும் என் சிநேகிதன் பழனிவேல். நேர்முகத்தில் பேசப் போவதை முந்தாநாள் அவனிடம் ஒப்பித்தும் காட்டினேன்: சிறு தொழில்காரர்களுக்காக அரசாங்கம் கட்டிய பொதுச் சூளை, அதில் யார் சாமான் முதலில் வேகும் என்ற சண்டை.

இன்று அதைத் தொடங்கியதுமே குழுத் தலைவர் சிரித்தார். "இதையேதான் இப்ப போன தம்பியும் சொன்னாரு."

அந்தத் தம்பி பழனிவேலின் மச்சினன். பாவி பழனிவேல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை மச்சினனுக்கே.

ஊர் திரும்ப விருத்தாசலம் பஸ்ஸுக்கு நிற்கையில் அந்த மச்சினனே வந்தான். "ஒரு நாள் வந்து சூளையப் பாக்கலாங்களா சார்? நான் பாத்ததே இல்லைங்க."

வாங்க என்றுதான் சொன்னேன்.