மூன்று வாத்தியத்திலும் இல்லாத உம்முடைய சுரம்

என்ரை ரீற்றா,

உம்முடைய ஆண்டுப் பூசை போன கிழமை முடிந்தது. அன்று கோயில் வாசலைத் தாண்டிய பிறகு, எங்கள் தோட்டவெளி ஊரில் அதைப் பற்றி ஒருவரும் என்னிடம் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். இப்போது வெட்கம் அப்படியே உள்ளே கிடக்கிறது. உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

உம்முடைய தம்பி அன்ரனோடு நீர் போன நாளிலிருந்து நான் கதைப்பதில்லை. செத்தவீட்டில் எந்தெந்தப் பாட்டுப் பாடுவதென்று அவனே முடிவெடுத்தான். பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன்தான், சரி. ஆனால் உம்மோடு குடும்பம் நடத்தியவன் நான். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "உங்களுக்குக் கோபம் பழுதாகாது, கருவாடு மாதிரிக் காயவைச்சு எடுத்து வைச்சிருவீங்கள்" என்று சிரிப்பீரே. இதையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆண்டுப் பூசையில், நீர் கோயிலில் எப்போதும் பாடுகிற மாதா பாட்டை நானே தனியாக வாசிப்பது, குழு வாய் திறக்கக் கூடாது. ஃபாதரிடம் போய் இதை அப்படியே கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டேன். எந்த வாத்தியத்தையும் தொட்டறியாத நான்! உம்முடைய கிற்றாரை எடுத்துப் பார்த்தேன். ஆறு நரம்பும் விரலை அறுத்ததுதான் மிச்சம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரவிருந்த தங்கச்சியிடம், புதிதாய்ப் பழகுகிறவனுக்குச் சுலபமான ஏதாவது கொண்டு வா என்றேன். மூன்று நரம்பு வாத்தியம் கொண்டு வந்தாள்.

மூன்றுக்கும் ஒரே குணம். கழுத்தில் விரல் அமத்துகிற கம்பிப் படிகள் ஒரு சுரவரிசைக்கு உரியவை மட்டும். ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளைக் கழற்றிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளும். பிழையான சுரத்தில் போய் விழ வழியே இல்லை. அடம்பன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிற எனக்கு அது பிடித்துக்கொண்டது. நாலு பேர் முன்னால் பிழை விட முடியாத ஒரு கருவி.

ஒன்றுக்கு ஒற்றை நரம்பு, அடியில் சத்தத்துக்கு ஒரு தகர ரின்பேணி. படிகளில் இலக்கம்கூட எழுதியிருந்தது. தேநீர் ஆறுவதற்குள் ஒரு பாட்டு வந்துவிட்டது. சத்தம்தான், வலைக்குள் அகப்பட்ட நுளம்பு. அடுத்தது தடி மாதிரி மெலிந்தது, மூன்று நரம்பு. கிற்றார் போலப் பிடித்து எல்லாவற்றையும் ஒன்றாக வருடலாம், எங்கே அமத்தினாலும் இனிமைதான். ஆனால் எதை வாசித்தாலும் பிறந்தநாள் வீடு. மூன்றாவதுக்குப் பேர் டல்சிமர். மடியில் கிடத்துகிற நீளப் பெட்டி. ஒரு நரம்பின் மேல் சின்னக் குச்சியை வழுக்கிக்கொண்டு போனால் பாட்டு வரும். மற்ற நரம்புகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு துணைக்கு இருக்கும். கோயிலுக்கு இதுதான் என்று எடுத்தேன்.

மூன்றாவது வரியில் 'தாயே' என்று வருகிற இடத்தில் நீர் ஒரு அரைச்சுரம் ஏறி, கொஞ்சம் நின்று இறங்குவீர். பாட்டின் மெட்டில் அது இல்லை. நீர் கொண்டுவந்தது. அந்த இடம் டல்சிமரில் இரண்டு படிகளுக்கு நடுவே வெறும் மரமாகக் கிடந்தது. மற்ற இரண்டையும் எடுத்துத் தேடினேன். அதிலும் இல்லை. அன்ரனைக் கேட்டிருக்கலாம். செத்தாலும் கேட்க மாட்டேன் என்று இருந்தேன்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? உம்முடைய ஏற்றத்தை வெட்டிவிட்டேன். அந்த இடத்தை நேராகவே வாசித்துப் பழகினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

பூசையில் நற்கருணை கொடுத்து முடிய, பீடத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து வாசிக்கத் தொடங்கினேன். குழு சொன்னபடி வாய் திறக்கவில்லை. ஆனால் சனம் திறந்தது. பின் வாங்கில் இருந்த யாரோ மெல்லப் பாடத் தொடங்க, ஒவ்வொரு வாங்காக முன்னுக்கு வந்தது. மூன்றாவது வரியில் கோயில் முழுக்க ஏறியது. நான் மட்டும் கீழ்ச் சுரத்தில் நின்றேன். அவர்களின் குரலும் என் நரம்பும் உரசிப் பல் கூசியது. பிழை அவர்களுடையது என்று காட்ட, அடுத்த சரணத்தில் இன்னும் பலமாக அடித்தேன். அவர்கள் இன்னும் வடிவாக ஏறினார்கள்.

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் பாடுவது உம்மிடம் கேட்டுக் கேட்டுப் பழகியதை. நான் அடித்துக்கொண்டிருந்தது உமக்கு எதிராக. குச்சியை எடுத்துவிட்டுத் தலை குனிந்து இருந்தேன். பாட்டு நான் இல்லாமலேயே முடிந்தது.

வெளியே வர, பக்கத்து வீட்டு மரியாக்கா கேட்டா: "மாஸ்டர், உந்தப் பெட்டிக்குத் தடிமனோ, மூக்கடைச்சுக் கிடக்கு?" சுற்றி நின்றவர்கள் கோயில் வளவில் மேய்ந்த கழுதையைத் துரத்துகிற சாட்டில் திரும்பிச் சிரித்தார்கள். அன்ரன் சிரிக்கவில்லை. கிட்ட வந்தான்.

"அத்தான், அக்கா அதில ஏறுவா. நீங்கள் ஏன் இறக்கினீங்கள்?"

"இதில அந்தச் சுரம் இல்லை."

டல்சிமரை வாங்கி, அந்த இரண்டு படிகளுக்கும் நடுவே விரலால் தடவிப் பார்த்தான்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. அந்த ஒரு இடத்தை மட்டும் நாங்கள் வாயால பாடித் தந்திருப்பம்."

ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை. வாத்தியத்தைத் திருப்பித் தந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கும் நீர் அக்கா என்பதை நான் இவ்வளவு காலமும் ஒரு குற்றமாகத்தான் பார்த்திருக்கிறேன் போல.

நான் தேடியது உம்முடைய பாட்டுக்குத் தோதான வாத்தியமா, என்னுடைய கோபத்துக்குத் தோதானதா? நீர் அந்த வாங்கில் இருந்திருந்தால் சிரித்திருப்பீரா, எழும்பிப் போயிருப்பீரா?

வாற சனிக்கிழமை குழு பழகுகிற நேரம் கோயிலுக்குப் போறன், வெறுங்கையோடு. அந்த ஏற்றத்தைச் சொல்லித் தா என்று அன்ரனைக் கேட்பேன். எனக்குக் குரல் சுரத்தில் நிற்காது, பிழை வரும். எல்லாருக்கும் கேட்கவே பிழை வரட்டும். அது சரியாக வரும்வரை போவேன். இது உமக்குத் தருகிற வாக்கு.

உம்முடைய மனிசன்,
அன்ரனின் அத்தான்,
சேவியர்